வந்தேறி யார்? மரபணு சொல்வதும் சட்டம் சொல்வதும்



"பெண்டாத்தாங்." இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை நெகிரி செம்பிலானில் உண்டா? பள்ளித் திடலில் சண்டை வந்தால் இந்தச் சொல். தேர்தல் வந்தால் இந்தச் சொல். தோட்டம் கைமாறி, ஆலயத்தை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்து, ஏன் என்று நாம் கேட்டாலும் கூட்டத்தின் பின்னாலிருந்து யாராவது இதை எறிவார்கள். வந்தேறி! திரும்பிப் போ! எங்கே போவது? லின்சம் தோட்டத்தில், சுவா பெத்தோங்கில், பகாவ் கெடிஸ் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே மண்ணுக்குள் போனவர்களின் பேரப் பிள்ளைகள் எந்தக் கப்பலில் ஏறி எந்த ஊருக்குப் போவது?

இந்தச் சொல்லுக்கு நம் மக்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தாத்தா காலத்துப் பதில், தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவது. இப்போதைய இளைஞர்களின் பதில் வேறு. ராஜேந்திர சோழன் கடாரம் வென்றான், பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் கட்டினோம், குமரிக்கண்டத்திலிருந்து உலகமே பரவியது, ஆகவே நாங்கள்தான் முதலில் வந்தோம் என்பார்கள். முதல் பதிலில் அடிமைத்தனம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பதிலிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. முதலில் வந்தவனுக்கே உரிமை என்று எதிராளி போட்ட கோட்டை அதிலே நாம் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

கோடே தப்பு என்கிறேன். ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரத்தத்தையே கேட்டுப் பார்க்கட்டும். கடந்த 25 ஆண்டுகளில் மரபணு விஞ்ஞானிகள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். நான் படித்தது சட்டம், விஞ்ஞானம் அல்ல. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் கோப்புகளைக் கையில் எடுத்த வக்கீலுக்கு டி.என்.ஏ. என்றால் என்னவென்று படிக்காமல் தீராது. படித்ததில் நமக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு நீண்ட ஏடு இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. படி ஒன்றுக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள். தலைமுறைதோறும் அதைப் படியெடுக்கும்போது அங்கங்கே ஒரு சில எழுத்துகள் மாறிப்போகும். அந்த மாற்றம் பிள்ளைக்குப் போகும், பேரனுக்குப் போகும். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள், இரண்டு சுவடியில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று முடிவுக்கு வருவார்கள் அல்லவா? அதே வேலைதான். எந்த மக்களிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று பார்த்து, யார் யாரிடமிருந்து எப்போது பிரிந்தார்கள், பிறகு யாரோடு கலந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

அந்த ஏட்டில் இரண்டு பகுதிகள் மட்டும் தனி. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவாள். ரெம்பாவ், கோலாபிலா பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உங்கள் பக்கத்துக் கம்போங்கில் நடக்கும் ஆதாட் பெர்பாத்தே இதேதான். சூக்கு என்கிற குலம் அங்கே தாய்வழி. அம்மா எந்தச் சூக்குவோ பிள்ளையும் அந்தச் சூக்கு. உடம்புக்குள்ளும் ஒரு ஆதாட் பெர்பாத்தே ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்போங்கிலிருந்தே தொடங்குவோம். நெகிரி செம்பிலானின் மலாய்க்காரர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்? சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து. இதை அவர்கள் மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்வார்கள். வீட்டுக் கூரை எருமைக் கொம்பு போல வளைந்திருப்பது அந்த ஊர் நினைவு. இந்த மாநிலத்தின் முதல் யாங் டி பெர்துவான் பெசாரான ராஜா மெலவார், பாகாருயோங்கிலிருந்து வரவழைக்கப்பட்டு 1773-இல் பதவி ஏற்றவர். அதாவது மாநிலத்தின் அரியணையே கடல் கடந்து வந்தது. சூக்குகளின் பெயர்களைக் கவனியுங்கள்: தானா டாத்தார், பாயா கும்புஹ், அனாக் ஆச்சே, அனாக் மலாக்கா. எல்லாம் ஊர்ப் பெயர்கள்! எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதையே குலப் பெயராக வைத்திருக்கிறார்கள். சேலத்தார், தஞ்சாவூரார் என்று லயத்தில் நாம் சொல்லிக்கொண்டது போல.

பிடுவண்டா என்றொரு சூக்கு இருக்கிறது. சுமத்ராவிலிருந்து வந்தவர்கள் இங்கே காட்டில் வாழ்ந்த பூர்வகுடிப் பெண்களை மணந்து உண்டான குலம் அது என்று மரபு சொல்கிறது. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜோஹோல், ரெம்பாவ் ஆகிய 4 லுவாக்கின் உண்டாங்குகள் அந்தப் பூர்வகுடித் தாய்வழி உரிமையை வைத்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அந்த உண்டாங்குகள்தான் யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுப்பவர்கள். வந்தவர் தந்தை, இருந்தவர் தாய், இரண்டும் கலந்து ஆட்சி. கலப்பை இழிவாக நினைத்த சமுதாயம் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்குமா? பாராட்டியே சொல்கிறேன்.

அந்தப் பூர்வகுடிகள்? நம் மாநிலத்தில் பெரும்பாலும் தெமுவான் மக்கள். ஜெம்போல் பக்கம் செமலாய் மக்கள். தோட்டத்துக்கு அடுத்த காட்டோரம் அவர்கள் குடியிருப்பைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் ஒரே அலையில் வந்தவர்கள் அல்லர். செமலாய் மொழி கம்போடியாவின் கெமர் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெமுவான் பேசுவது மலாய்க்கு நெருக்கமான மொழி. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து நெல் விதையோடு இறங்கி வந்தவர்கள், பிறகு தைவான் தீவிலிருந்து பிலிப்பைன்ஸ், போர்னியோ வழியாகப் படகில் பரவியவர்கள், இவர்களுக்கெல்லாம் முன்பே காட்டில் இருந்தவர்கள் என்று எல்லாருமே அந்த ரத்தத்தில் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் முன்பே இருந்தவர்கள் எப்போது வந்தார்கள்? மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியது. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்கிற எல்லாருடைய வம்சத்தின் மிகப் பெரும்பகுதியும் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட ஒரு சிறு கூட்டத்திலிருந்து வந்தது. 2005-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் மெக்காலே முதலியோர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு ஆதாரமாக அமைந்ததே நம் நாட்டு ஓராங் அஸ்லி மக்களின் தாய்வழி டி.என்.ஏ.தான். அந்த முதல் மனிதர்கள் இந்தியக் கடற்கரை ஓரமாகவே நடந்து இந்தப் பக்கம் வந்தார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். காலக் கணக்கில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு. 2018-இல் வெளியான இன்னொரு ஆய்வு, கிளந்தான் குவா சா குகையில் கிடைத்த பழைய எலும்பிலிருந்தும் லாவோஸ் நாட்டு எலும்பிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தது. இன்று வாழ்பவர்களில் அந்த வேட்டைக்கார மக்களுக்கு நெருங்கியவர்கள் யார் என்றால், பேராக், கிளந்தான் காட்டு ஜஹாய் மக்களும், அந்தமான் தீவின் ஓங்கே மக்களும்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தமிழர்களின் மரபணுவில் ஒரு பெரும்பங்கு, தென்னிந்தியாவின் பழைய வேட்டைக்கார மக்களுடையது. அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம் யார் என்று பார்த்தால் அதே அந்தமான் ஓங்கே! அந்த வழியில் கிளந்தான் காட்டு மக்களும்தான். ரொம்பத் தூரத்துச் சொந்தம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளை. பத்திரிகை வைக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லை. ஆனாலும் சொந்தம் சொந்தம்தான்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்து இளைஞரின் ஒய் குரோமோசோமில் 'எம்130' என்ற பழமையான மாற்றத்தைக் கண்டுபிடித்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 'முதல் இந்தியர்' என்று பத்திரிகைகள் எழுதின. வெளிநாட்டுத் தொலைக்காட்சிப் படமும் வந்தது. நம் ஆட்கள் சிலர் அதைத் தங்கள் சாதிக்குக் கிடைத்த பட்டயம் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதே எம்130 ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது, மங்கோலியரிடமும் இருக்கிறது. மேலும், 10 தலைமுறைக்கு முன் ஒரு மனிதனுக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் சொல்லும். மீதி 1,023 பேர் யார், எந்த ஊர், எந்தச் சாதி?

அதற்கும் பதில் வந்துவிட்டது. 2009-இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் பெருநிலப்பரப்பில் கலக்காத சாதி ஒன்றுகூட இல்லை என்று காட்டியது. உயர்ந்தவன், தாழ்ந்தவன், மலைவாழ் மக்கள் எல்லாருமே கலப்பு. அளவில்தான் வித்தியாசம். 2019-இல் வந்த பெரிய ஆய்வு அதை இன்னும் பிரித்துச் சொன்னது: பழைய தென்னாசிய வேட்டைக்காரர், ஈரான் பக்கத்து மக்களோடு தொடர்புடைய ஒரு கூட்டம், பிறகு மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வந்தவர்கள். முதல் இரண்டும் கலந்தவர்கள்தான் சிந்துவெளி மக்கள். மூன்றும் இன்றைய இந்தியரிடம் பல்வேறு அளவில் இருக்கின்றன.

அடுத்ததுதான் நம் நெஞ்சைத் தொட வேண்டிய விஷயம். 2013-இல் பிரியா மூர்ஜானி முதலியோர் அந்தக் கலப்பு எப்போது நடந்தது என்று கணக்கிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை தாராளமாக நடந்திருக்கிறது. பிறகு கதவு சாத்தப்பட்டது! அவரவர் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்துகொண்டார்கள். ஆதிகாலத்திலிருந்து எங்கள் சாதி சுத்தம் என்று நெஞ்சு நிமிர்த்துபவருக்கு ரத்தம் சொல்லும் பதில், உங்கள் பாட்டனின் பாட்டன்கள் எல்லா வீட்டிலும் பெண் எடுத்தவர்கள், சுத்தம் பேச ஆரம்பித்தது பிற்பாடுதான் என்பதே.

கதவைச் சாத்தியதற்குக் கொடுத்த விலையும் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. 2017-இல் 263 தென்னாசியச் சமூகங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சிறிய கூட்டத்திலிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்து வந்தவை என்பது தெரிந்தது. அவற்றில் 14 சமூகங்கள் தலைக்குப் 10 லட்சத்துக்கு மேல் மக்கள் கொண்டவை. இப்படிப்பட்ட சமூகங்களில் தாயும் தந்தையும் ஒரே கெட்ட மாற்றத்தைச் சுமந்து, அது பிள்ளையிடம் ஜோடி சேர்ந்து நோயாக வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆந்திரப் பக்கத்து வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கும் ஒருவகைத் தசை தளர்த்தும் மருந்து ஆகாது. கொடுத்தால் மூச்சு திரும்ப நேரமாகும். அதற்குக் காரணம் இப்படி வந்த ஒரு மாற்றம்தான்.

லயத்து வாழ்க்கை ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. ஒரே குழாயில் தண்ணீர், ஒரே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடல். கப்பலில் பக்கத்தில் படுத்தவன் என்ன சாதி என்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ஒடியர் ஒரே தோட்டத்தில் வாழ்ந்தார்கள், மணந்துகொண்டார்கள். ஆனாலும் கங்காணி தன் ஊர், தன் சாதி ஆட்களையே கூட்டி வந்ததால் லயத்துக்கு லயம் சாதி தங்கியும் போனது. இன்று பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் கல்யாணப் பேச்சில் "நீங்கள் என்ன ஆளுங்க?" என்று காதோரம் கேட்கிறோம். பெண்டாத்தாங் என்று சொன்னால் கொதிக்கிற நாம், நம் மகள் வேறு சாதிப் பையனைக் கூட்டி வந்தால் என்ன சொல்கிறோம்? இரண்டும் ஒரே நோய். பிறப்பை வைத்து மனிதனை அளப்பது. மற்றவனிடம் இருக்கும்போது மட்டும் அது நமக்கு வலிக்கிறது.

சரி, மலாய்க்காரர்களின் ரத்தம் என்ன சொல்கிறது? 2015-இல் தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை ஆகிய 4 இடத்து மலாய் மக்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். எல்லாரிடமும் 4 பெரிய பங்குகள்: ஆஸ்திரோனேசியர், ஆதி மலாய், கிழக்காசியர், தென்னாசியர். தென்னாசியப் பங்கு 3 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடு வரை. அந்த 34, இலங்கை மலாய்க்காரர்களுடையது. டச்சுக்காரர்கள் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இந்தத் தீவுகளிலிருந்து கொழும்புக்கு ஏற்றிச்சென்ற மக்களின் பிள்ளைகள் அவர்கள். நம்மை ஒரு வெள்ளைக்காரன் நாகப்பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் ஏற்றினான். அவர்களை இன்னொரு வெள்ளைக்காரன் அந்தப் பக்கம் ஏற்றினான்.

இந்தக் கலப்பு புதியதல்ல. கம்போடியாவின் அங்கோர் போரேய் என்ற இடத்தில் கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டிலோ, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் டி.என்.ஏ.வை 2022-இல் வெளியிட்டார்கள். அதில் 40 முதல் 50 விழுக்காடு தென்னாசியாவுடையது! சோழர் படை கிளம்புவதற்கு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சாதாரண மாலுமியும் வணிகனும் இங்கே வந்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். மலாக்காவில் செட்டி சமூகம் இன்றும் நம் கண்முன் இருக்கிறது. தமிழ் வணிகர்களுக்கும் இந்த மண்ணின் பெண்களுக்கும் பிறந்த வம்சம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். மலாக்கா சுல்தான் முசாஃபர் ஷாவின் தாயே தமிழ் முஸ்லிம் வணிகர் குடும்பத்துப் பெண் என்கிறது 'செஜாரா மெலாயு'. அரண்மனைக்கே இப்படி என்றால் கம்போங்குக்கு என்ன!

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் தோட்டத்துக் கதை முடியாது. மலேரியாவால் செத்த நம் பாட்டன் பாட்டிகளுக்குக் கல்லறை கூட இல்லை. அந்தக் கொசுவும் நம் மரபணுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தம் எடுத்து, "ஜி6பிடி குறைவு இருக்கிறது, துணிப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போடாதீர்கள்" என்று மிசி சொல்லியிருப்பார். அந்தக் குறைவு, மலேரியா மிகுந்த ஊர்களில் வாழ்ந்த முன்னோரை அந்தக் காய்ச்சலிலிருந்து ஓரளவு காத்த மாற்றம். அதனால்தான் அது மலாய்க் குழந்தைக்கும் வரும், சீனக் குழந்தைக்கும் வரும், நம் குழந்தைக்கும் வரும். ஓராங் அஸ்லி, மலாய், பாப்புவா நியூகினி மக்கள் சிலரிடம் ரத்த அணு முட்டை வடிவில் இருக்கும். அதுவும் மலேரியாவுக்கு எதிரான ஏற்பாடு. 1980-களில் மலேசிய இந்தியரிடையே டாக்டர்கள் ஆராய்ந்த அரிவாள் வடிவ அணு நோயும் அதே வகை: ஒரு படி இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு, இரண்டு படியும் சேர்ந்தால் நோய். வேறு வேறு ஊர், வேறு வேறு எழுத்து மாற்றம், ஒரே கொசு. உங்கள் குடும்பத்தில் ரத்தச் சோகை அடிக்கடி வந்தால், தலாசீமியா இருக்கிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். சாதகப் பொருத்தம் பார்க்கிற நேரத்தில் இந்த ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இத்தனையும் சொன்னது, "நீயும் வந்தேறிதான்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் திருப்பி எறிவதற்காக அல்ல. அப்படிச் செய்பவர் இந்தக் கட்டுரையைப் பாதிதான் படித்தவர். முதலில் வந்ததால் உரிமை கிடைக்கும் என்றால் ஓராங் அஸ்லி மக்கள்தான் இந்த நாட்டில் முதல் நிலச்சுவான்தார்களாக இருக்க வேண்டும். நடந்தது என்ன? 1995-இல் நம் மாநில எல்லைக்கு அப்பால், சிலாங்கூர் புக்கிட் தம்போயில், விமான நிலையச் சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் காசு. மண்ணுக்கு இல்லை என்றார்கள். அவர்கள் 'சாகோங் தாசி' வழக்கைப் போட்டு 2002-இல் உயர்நீதிமன்றத்திலும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். வந்து எத்தனை ஆயிரம் ஆண்டு ஆனது என்ற பெருமை அவர்களைத் தானாகக் காப்பாற்றவில்லை. நீதிமன்றத்தில் ஏறி, அரசியல் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்லும் சொத்துரிமையைக் காட்டிப் போராடியதுதான் காப்பாற்றியது.

அந்த அரசியல் சட்டத்தில் ரத்தம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 160-ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவர், அதோடு மெர்டேக்காவுக்கு முன் இங்கோ சிங்கப்பூரிலோ பிறப்பு அல்லது வாழிடத் தொடர்பு உள்ளவர் அல்லது அப்படிப்பட்டவரின் வம்சம். முதல் மூன்றும் மதம், மொழி, வழக்கம். மரபணு இல்லை. தோல் நிறம் இல்லை. எத்தனை நூற்றாண்டுக்கு முன் வந்தார் என்ற கேள்வியும் இல்லை. 153-ஆவது பிரிவு மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைச் சொல்கிறது. அதே வாக்கியத்தில் மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. இரண்டாம் பாதியைத் தலைவர்கள் மேடையில் படிப்பதில்லை. 'வந்தேறி' என்று ஒரு வகைக் குடிமகன் அந்தப் புத்தகத்தில் எங்குமே கிடையாது.

ஆனால் ரத்தம் செல்லாத இடம் இன்னொன்றும் உண்டு. அது நமக்கு எதிராக வேலை செய்கிறது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர். பிள்ளை பிறந்து 5 மாதம் கழித்துத்தான் திருமணப் பதிவு. அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெற்ற தந்தை அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்ததால் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்போம் என்றது சட்டம். இதை நன்றாக மனத்தில் வையுங்கள். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு, பதிவு செய்யாமல் விட்ட தம்பதிகள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம். மனைவியிடம் நீல அட்டை இல்லையென்றால், உங்கள் பிள்ளை உங்கள் முகத்தையே உரித்து வைத்திருந்தாலும் பள்ளியில் சேர்க்க அலைய வேண்டி வரும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நல்லது செய்தது. அதே திருத்தம், இங்கே பிறந்தாலும் பெற்றோர் நிரந்தரவாசியாக மட்டும் இருந்தால் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிட்டது. சிவப்பு அட்டையோடு காலம் தள்ளும் குடும்பங்கள் இனி தள்ளிப்போட முடியாது.

தாமதமாகப் பிறப்பைப் பதியப் போகிறவர்களிடம் பதிவு இலாகா டி.என்.ஏ. சோதனை கேட்பதுண்டு. கேட்டால் பயப்படாதீர்கள். அந்தச் சோதனை, இந்தப் பிள்ளைக்கு இவர் தாய், இவர் தந்தை என்பதை மட்டும்தான் சொல்லும். இன்ன இனம், இன்ன சாதி, இன்ன நாட்டவர் என்று அது சொல்லாது. அதை வைத்து அப்படி யாரும் முடிவு கட்டவும் கூடாது. எதற்காகக் கேட்கிறார்கள், எந்த இடத்தில் எடுக்க வேண்டும், செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். முடிவின் நகலைக் கேட்டு வாங்கி, மருத்துவமனை அட்டை, தடுப்பூசிப் புத்தகம், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், தாத்தா பாட்டியின் பழைய அடையாள அட்டை ஆகியவற்றோடு ஒரே உறையில் வையுங்கள். வீடு மாறும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்த உறையைத்தான்.